காலம் தாழ்ந்து வந்த கேமரா

மலாயாவில் அவசரகாலம் நடப்பிலிருந்த ஆண்டுகளில் கிள்ளான், காப்பார், மேரு பக்கத்துத் தோட்டங்களுக்குச் சினிமா ஒரு வேனில் ஏறி வந்தது. தகவல் இலாகாவின் வேன். பொழுது சாய்ந்ததும் திடலில் வெள்ளைத் திரை கட்டுவார்கள். ஜெனரேட்டர் சத்தம் கேட்டதுமே லயத்துப் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு இடம்பிடிக்க ஓடும். திரையில் மலேரியா ஒழிப்பு வரும், அடையாள அட்டை வரும், ரப்பர் மறுநடவு வரும், துரைமார்கள் ஏதாவது ஒரு கட்டடத்தைத் திறந்துவைப்பார்கள். ஒரே படத்துக்கு மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று தனித்தனி வர்ணனை உண்டு. தோட்டத்துக்கு வரும் படம் தமிழ் பேசும்.

இந்தப் படங்களை எடுத்தது மலாயன் பிலிம் யூனிட். போர் முடிந்த கையோடு 1946இல் கோலாலம்பூரில் தொடங்கிய அரசு நிறுவனம் அது. 1963இல் பிலெம் நெகாரா மலேசியா என்று பெயர் மாறியது. பெட்டாலிங் ஜெயாவில் நெடுங்காலம் இயங்கி, 2013இல் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸுடன் இணைக்கப்பட்டது. நம் நாட்டில் ஆவணப்படம் என்ற தொழிலைக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் அதுதான். கேமரா பிடிக்க, ஒலி சேர்க்க, படம் வெட்டி ஒட்ட உள்ளூர்க்காரர்கள் அங்கேதான் பழகினார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பாடத்திட்டத்தில் கலைஞனுக்கு ஒதுக்கிய இடம் மிகச் சிறியது. ஜோகெட் கொஞ்சம், சிங்க நடனம் கொஞ்சம், பரதநாட்டியம் கொஞ்சம் என்று பல இன மக்களும் ஒற்றுமையாக வாழ்வதற்குச் சாட்சியாகக் கலை காட்டப்படும். ஆடியவர் யார், யாரிடம் படித்தார், எத்தனை வருஷம் அந்த ஒரே அடவைப் போட்டுப் போட்டுப் பார்த்தார் என்று கேட்க அந்தக் கேமராவுக்கு நேரமில்லை. 1956இல் தெமியார் பழங்குடியினரைப் பற்றி எடுத்த ‘டைம்லெஸ் தெமியார்’ போன்ற படங்கள் விதிவிலக்கு. அங்கே பாட்டும் ஆட்டமும் நோய் தீர்க்கும் சடங்கோடு சேர்ந்தே வாழ்வதைக் கேமரா கொஞ்சம் நின்று பார்த்தது. மற்றபடி கலை, அரசுப் படத்தின் ஓர வேலைப்பாடாகவே இருந்தது.

ஒரு கலைஞனின் பித்தைப் படம்பிடிக்க, எடுப்பவனுக்கும் அதே அளவு பித்து வேண்டும். தமிழில் அப்படிப்பட்ட பித்தோடு கேமராவுக்குப் பின்னால் போன முதல் மனிதர், இந்த வேன்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே தன் படத்தை முடித்துவிட்டிருந்தார்.

அவர் ஏ.கே. செட்டியார். கோட்டையூரில் 1911இல் பிறந்தவர். ரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்தி, ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய் ஒளிப்படக் கலை படித்தவர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைக் கோலாலம்பூர்க்காரர்களுக்கு லெபோ அம்பாங் கிட்டங்கிகள் வழியாகத் தெரியும். வட்டிக் கணக்கும் ரப்பர்த் தோட்டமும் அவர்களுடைய அடையாளம். அதே சமூகத்திலிருந்து வந்த இந்த இளைஞர், 1937 அக்டோபர் 2ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலில், காந்தியைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுப்பது என்று முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

காந்தி கலைஞரல்ல என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் ஒரு மனிதனின் வாழ்க்கையைத் திரையில் திரட்ட என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதைத் தமிழில் முதலில் செய்து காட்டியது செட்டியார்தான். முப்பது ஆண்டுகளில் சுமார் நூறு கேமராக்காரர்கள் எடுத்துவைத்த துண்டுப் படங்கள் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி நான்கு கண்டங்களில் சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி பிலிம். 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அந்தக் கணக்கில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அதிலிருந்து வெட்டித் தொகுத்த தமிழ்ப் படம் 1940இல் சென்னையில் வெளிவந்தது. டி.கே. பட்டம்மாளின் குரல் அதில் ஒலித்தது. 1953இல் ஹாலிவுட்டில் ஓர் ஆங்கில வடிவமும் தயாரானது. இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தின் மூலத் தமிழ்ப் பிரதி பிற்பாடு கிடைக்காமல் போனது; சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம் ஒன்றைத்தான் வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி அமெரிக்கப் பல்கலைக்கழகக் காப்பகம் ஒன்றில் கண்டெடுத்தார்.

செட்டியார் செய்ததை மற்றவர்கள் ஏன் தொடரவில்லை என்பதற்குப் பணம்தான் முதல் பதில். ஆயிரம் அடி பிலிம் சுருள் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்தப் பதினோரு நிமிடத்துக்குள் கலைஞருக்கு ஆவேசம் வந்தாக வேண்டும். பாட்டு பிடிக்கும்வரை காத்திருக்க, தூரிகை தயங்கும்போது கூடவே தயங்கி நிற்க, தப்பாகப் போன ஒத்திகையை முழுக்கப் பதிவு செய்ய எந்தத் தயாரிப்பாளராலும் முடியவில்லை. அரசுகளால் முடியும், அரசுகளுக்கு அவசியமிருக்கவில்லை.

அந்தப் பிலிம் தட்டுப்பாட்டையே கதையாக்கிய படம் ஒன்று உண்டு. ஆன்றி ஜார்ஜ் க்ளூசோ 1956இல் எடுத்த பிரெஞ்சுப் படம், ‘பிக்காஸோவின் மர்மம்’. மை ஊறிக் கடக்கும் தாளில் ஒரு பக்கம் பிக்காஸோ வரைய, மறுபக்கம் கேமரா நின்றது. கை தெரியாது, கோடு மட்டும் தானாக வளரும். ஒரு கட்டத்தில் பிலிம் தீரப்போகிறது என்று க்ளூசோ எச்சரிக்கிறார். பிக்காஸோ அசரவில்லை. பூவாகத் தொடங்கியது மீனாகிறது, மீன் சேவலாகிறது, சேவல் ஒரு முகத்துக்குள் மறைந்துபோகிறது. அழகாக வந்ததை அழித்து அடுத்ததற்குப் போகும் அந்த அடங்காமையை எந்த நேர்காணலும் சொல்லிவிட முடியாது. அந்தப் படத்துக்காக வரைந்த ஓவியங்களில் பெரும்பாலானவை பிறகு அழிக்கப்பட்டன. அவை இருப்பது பிலிமில் மட்டும்தான்.

இந்தியாவில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டவர் சத்யஜித் ராய். கதைப்படங்களுக்கு நடுவே அவர் எடுத்த சில ஆவணப்படங்களில் இரண்டு, இந்த வகைக்கே இலக்கணம். முதலாவது 1972இல் வந்த ‘தி இன்னர் ஐ’. சாந்திநிகேதனில் ராய்க்கு ஓவியம் கற்பித்த வினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றியது. பிறவியிலேயே பார்வை குறைந்த அவர், 1940களில் அங்குள்ள இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால பக்தர்களின் வாழ்க்கையைப் பெரும் சுவரோவியமாகத் தீட்டினார். 1950களின் நடுவில் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வை முழுதும் போனது. வேலை நிற்கவில்லை. ராயின் கேமரா அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. விரல்கள் ஓட்டுத் துண்டுகளைத் தடவி, ஓரம் பார்த்து, அளந்து, பக்கத்தில் பக்கத்தில் வைக்கின்றன. அனுதாபத்தைத் தூண்டும் வசனம் கிடையாது. இருபது நிமிடம்தான் படம். கண் போன ஓவியர் என்ற பரிதாபம் முதல் சில நிமிடங்களிலேயே மறந்து, வேலை தெரிந்த ஒருவரைப் பார்க்கிறோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

இரண்டாவது, பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றிய, தமிழர்களுக்கு நெருக்கமான ‘பாலா’.

தஞ்சாவூர் பாலசரஸ்வதி 1918இல் பிறந்தவர். வீணை தனம்மாளின் பேத்தி, பாடகி ஜயம்மாளின் மகள். ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். கந்தப்பப் பிள்ளையின் மாணவி. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்கு முந்தைய பல வருஷ இயக்கத்திலேயே அந்தக் குலத்துப் பெண்களின் ஆட்டத்தைப் பழித்துப் பேசுவது வழக்கமாகியிருந்தது. ஆட்டம் புது வீடுகளுக்குப் போனது, பழைய வீடு வெறிச்சோடியது. பாலசரஸ்வதி மட்டும் தன் பாட்டி வீட்டுச் சங்கீதத்தையும் அதிலிருந்து பிரிக்க முடியாத அபிநயத்தையும் விட்டுக்கொடுக்காமல் நின்றார். பாடிக்கொண்டே ஆடுவார். அலங்கார மேடையும் பெரிய நடராஜர் சிலையும் அவருக்குத் தேவைப்படவில்லை.

சிறு பையனாக இருந்தபோதே 1930களின் நடுவில் கல்கத்தாவில் ராய் அவர் ஆடியதைப் பார்த்திருந்தார். அவரைப் படமெடுக்க வேண்டும் என்ற எண்ணம் 1960களில் உருவாகி, தள்ளிப் போய், 1976இல்தான் கைகூடியது. மும்பையின் தேசிய நிகழ்த்துகலை மையமும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து தயாரித்தன. சௌமேந்து ராய் ஒளிப்பதிவு. படம் சுமார் அரை மணி நேரம். அப்போது பாலசரஸ்வதிக்கு 58 வயது.

படத்தில் எல்லோரும் பேசும் காட்சி கடற்கரையில் வருகிறது. வியாசராயர் பதமாக நடனக்காரர்கள் அனைவரும் அறிந்த ‘கிருஷ்ணா நீ பேகனே’வுக்கு அவர் அலைகளுக்கு முன்னால் நின்று அபிநயம் செய்கிறார். காற்று விடாமல் வீசுகிறது. புடவைத் தலைப்பு பறக்கிறது, முடி கலைகிறது. மேடை ஒழுங்குக்குப் பழகிய ரசிகர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. காற்று ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்றார்கள். கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரியும். அந்த அம்மாள் காற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. குழந்தைக் கண்ணனைக் கூப்பிடும் முகத்தில் ஒரு தாயின் பொறுமை, செல்லக் கோபம், வியப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகின்றன. பிறகு உள்ளரங்கில் ஒரு வர்ணம். அங்கே ராய் கேமராவை ஒதுக்கி நிறுத்திவிட்டார். நெருக்கக் காட்சிகளால் துண்டு போடாமல் ஆட்டத்தை ஆட்டமாக ஓடவிட்டார். ஆடும் உடம்பின் பாதியை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் காட்டும் பழக்கம் தொலைக்காட்சியில் இன்றும் போகவில்லை. ராய் செய்தது பெரிய பாடம்.

இளமையில் இதைவிடப் பன்மடங்கு ஆடியிருப்பார் என்று ராய்க்குத் தெரியும். படமே எடுக்காமல் விடுவதைவிட 58 வயதில் எடுத்தது மேல் என்பதே அவர் நிலை. எட்டு ஆண்டுகளில், 1984 பிப்ரவரியில் பாலசரஸ்வதி காலமானார். 1962இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எடுத்த ஒரு பதிவும் ராயின் படமும் இல்லையென்றால், அவர் ஆடியதைப் பார்த்தவர்களின் வாய்ச்சொல்லை வைத்துத்தான் அடுத்த தலைமுறை அவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்திருக்கும்.

அப்படிக் கற்பனை மட்டுமே மிஞ்சிய கலைஞர்கள் நிறையப் பேர். தவில் கலைஞர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்களில் ஒருவர்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்குத் தனிப் பக்கம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் எழுத்தர்களாக, நிலைய அதிபர்களாக வந்த இலங்கைத் தமிழர்கள் அந்த வட்டாரத்தில் குடியேறினார்கள். ஜாலான் ஸ்காட்டில் கந்தசுவாமி கோயிலைக் கட்டினார்கள். கோயில் என்றால் நாதஸ்வரமும் தவிலும் வேண்டும். திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் மேளக்காரர்களை அழைப்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் தொடரும் வழக்கம். சுவாமி வீதியுலாவில் தவில்காரர்கள் இருவர் எதிரெதிரே நின்று தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது கூட்டம் தேரை மறந்து மேளத்தைச் சுற்றிக்கொள்ளும். அந்த வாசிப்பின் உச்சம் என்று வித்வான்கள் இன்றும் சொல்லும் பெயர் தெட்சணாமூர்த்தி.

1933இல் பிறந்து 1975இல், நாற்பத்திரண்டு வயதுகூட நிரம்பாமல் இறந்தவர் அவர். தவில்காரரான தந்தை விசுவலிங்கத்திடம் சிறுவயதிலேயே தொடங்கியவர். தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வரக் கலைஞர்கள் பலருக்கு வாசித்தார். வாசிப்பைக் கேட்டவர்கள் கணக்கு வழக்கு, நாதம், வேகம் என்று சொல்லிச் சொல்லி மாய்வார்கள். ஓடும் படமாகக் காட்டத்தான் எதுவும் கிடைக்கவில்லை. சில ஒலிப்பதிவுகள், சில புகைப்படங்கள், வயதானவர்களின் நினைவு. அவ்வளவுதான் மிச்சம்.

அம்ஷன் குமார் அதை வைத்துத்தான் படமெடுத்தார். கி. ராஜநாராயணனின் ‘கிடை’யை ‘ஒருத்தி’ என்ற படமாக்கியவர். பாரதி, அசோகமித்திரன் போன்றோரைப் பற்றி ஆவணப்படங்கள் செய்தவர். ‘யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி: எல்லைகளைக் கடந்த இசை’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு வந்த அவருடைய படம், 63ஆவது இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் கலை, பண்பாட்டுப் பிரிவின் சிறந்த படமாகத் தேர்வானது. கலைஞர் இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து. படத்தில் தவில் ஒலிக்கும்போது திரையில் அசையாத புகைப்படம் நிற்கிறது; கேட்கும் வித்வான்களின் தலை அசைகிறது, விரல் தாளம் போடுகிறது. பார்ப்பவருக்கு மணிக்கட்டைப் பார்க்க வேண்டும் என்று தவிப்பாக இருக்கும். அந்த மணிக்கட்டைப் பிடித்துவைக்கும் கருவி அவர் காலத்தில் இருக்கத்தான் செய்தது. இலங்கையிலும் இந்தியாவிலும் செய்திப்பட நிறுவனங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. தவில்காரர் ஒருவரைத் தேடி அவை யாழ்ப்பாணத்துக்குப் போகவில்லை.

மலேசியாவிலும் இதே தாமதம் நடந்தது. இங்கு நடந்தது இன்னும் வேடிக்கை, ஏனென்றால் இங்கே கலைஞரே சினிமாக்காரர். பி. ரம்லியை 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் கண்டெடுத்துச் சிங்கப்பூர் ஸ்டூடியோவுக்கு அழைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ். 1950இல் ‘பக்தி’ படத்தில் அவரைக் கதாநாயகன் ஆக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். மலாய் சினிமாவின் அந்தக் காலத்துப் படங்களில் சென்னை, கல்கத்தா ஸ்டூடியோக்களின் வாடை வீசுவது இதனால்தான். ரம்லி நடித்தார், பாடினார், இசையமைத்தார், முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கினார். 1964இல் கோலாலம்பூருக்கு வந்து, உலு கிள்ளானிலிருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் வேலை செய்தார். வசதி குறைந்த ஸ்டூடியோ, மாறிவிட்ட ரசனை, குறைந்துபோன வாய்ப்பு. 1973 மே 29ஆம் தேதி நாற்பத்து நான்கு வயதில் மாரடைப்பால் இறந்தார்.

செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு நினைவகமானது 1986இல். அவரைப் பற்றி ஷுஹைமி பாபா இயக்கிய விரிவான ஆவணப்படம் ஹிஸ்டரி சேனலில் ஒளிபரப்பானது 2010 அக்டோபர் 31ஆம் தேதி. இறந்து முப்பத்தேழு ஆண்டுகள். படம் பெரும் வரவேற்பு பெற்றது. கடைசி ஆண்டுகளின் வறுமையையும் புறக்கணிப்பையும் பார்த்துக் கண் கலங்காத வீடு குறைவு. ரம்லி உயிரோடு இருந்தபோது அருகிலேயே அரசு ஆவணப்பட நிறுவனம் ஒன்று தினமும் திறந்து மூடப்பட்டுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெர்டேக்கா ஸ்டூடியோ இருந்த இடத்தில்தான் இன்று பினாஸ் தலைமையகம் இருக்கிறது.

நிலைமையை மாற்றியது வீடியோ, பிறகு டிஜிட்டல். பிலிம் சுருளின் பதினோரு நிமிடக் கெடு போனது. ஒருவர் மணிக்கணக்கில் பேசலாம், ஒத்திகை பார்க்கலாம், மறந்து நின்று மீண்டும் தொடங்கலாம். தமிழில் இதன் பலனை முதலில் அனுபவித்தவர்கள் எழுத்தாளர்கள். கவிஞர் ரவிசுப்பிரமணியன் ஜெயகாந்தனைப் பற்றி இயக்கிய ஆவணப்படத்தை இளையராஜா தயாரித்தார். 2015இல் ஜெயகாந்தன் மறைந்தபோது அவர் சபை, அவர் குரல், அவர் கோபம் எல்லாம் பத்திரமாக இருந்தன.

கோவையை மையமாகக் கொண்ட விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் இதை ஒரு வழக்கமாகவே ஆக்கியது. ஆண்டுதோறும் விருது பெறும் மூத்த எழுத்தாளருக்கு விழா எடுப்பதோடு ஓர் ஆவணப்படமும். 2014இல் ஞானக்கூத்தனுக்காக ‘இலைமேல் எழுத்து’ எடுத்தார் கே.பி. வினோத். அடுத்த ஒன்றரை ஆண்டில், 2016 ஜூலையில் ஞானக்கூத்தன் காலமானார். விழாவை ஒத்திப்போட்டிருந்தால் அந்தப் படமும் நினைவுகூர்பவர்களின் பேட்டித் தொகுப்பாகத்தான் ஆகியிருக்கும். இந்தப் படங்களுக்குப் பெரிய பட்ஜெட் கிடையாது. நண்பர்களின் கைக்காசு, இரவல் கேமரா, விடுமுறை நாட்கள். ராயின் நேர்த்தியை அவற்றில் தேடினால் ஏமாற்றம்தான். நேரத்தோடு எடுத்ததே அவற்றின் தகுதி.

2017இல் அந்த விருது மலேசியாவுக்கு வந்தது. கெடா மாநிலத்து எழுத்தாளர் சீ. முத்துசாமி, ‘மண்புழுக்கள்’ நாவலில் தோட்டத்து மனிதர்களை அவர்களுடைய பேச்சோடும் வியர்வையோடும் எழுதியவர். அவரைப் பற்றிய ஆவணப்படத்தை இயக்கியவர் ம. நவீன். நவீன் நடத்தும் வல்லினம் குழு அதற்கு முன்பிருந்தே இந்த வேலையில் இறங்கியிருந்தது. மூத்தவர்களை அவர்கள் வீட்டிலேயே உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்தார்கள். பழைய புகைப்படங்களைத் தேடிச் சேர்த்துச் ‘சடக்கு’ என்ற இணையக் காப்பகத்தில் வைத்தார்கள். 2014இல் முதல் வல்லினம் விருதைப் பெற்ற அ. ரெங்கசாமி, பந்திங்கில் வாழ்ந்த ஆசிரியர். 1930இல் பிறந்து ஜப்பானியர் காலத்தைப் பையனாகப் பார்த்தவர். சயாம் மரண ரயில்பாதையை ‘நினைவுச்சின்னம்’ நாவலில் எழுதியவர். ஒரே வரலாற்றை விடாமல் துரத்தித் துரத்தி எழுதிய பிடிவாதம் அவருடையது. அப்படிப்பட்ட மனிதரின் முகம் பேசும்போது எப்படி மாறுகிறது என்பதைப் புத்தகம் காட்டாது.

எழுத்தாளர்களுக்குக் கிடைத்த இந்த யோகம் ஆடுபவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. எழுத்தாளர்களைப் படமெடுப்பவர்கள் பெரும்பாலும் எழுத்தாளர்களே என்பது ஒரு காரணம். இன்னொன்று, எழுத்தாளரை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசவிட்டால் பாதிப் படம் முடிந்துவிடும். தவில்காரரிடமோ நடனக்காரரிடமோ அது நடக்காது. அவர்கள் கலை பேச்சில் வராது. பயிற்சிக்கூடத்தில் மாதக்கணக்கில் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படி உட்கார்ந்திருக்கத் தெரிந்த மலேசியத் தமிழ்ப் பெண் ஒருவர் இருக்கிறார். இந்திராணி கோபால், மலேசியாகினி செய்தித்தளத்தின் காணொளிப் பிரிவில் வேலை பழகியவர். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போனபோது, நியூயார்க் மாநிலச் சிறை ஒன்றில் கைதிகளுக்கு நவீன நடனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சூசன் ஸ்லாட்னிக் என்ற ஆசிரியையைப் பின்தொடர்ந்தார். ‘தி கேம் சேஞ்சர்’ என்ற அந்தக் குறும்படம் பல விழாக்களுக்குப் போய்ப் பரிசு பெற்றது. கொலைக் குற்றத்துக்காக உள்ளே வந்தவர்களும் அந்த வகுப்பில் வெறுங்காலோடு நின்று, கையை எங்கே வைப்பது என்று கவலைப்படுகிறார்கள். ஆசிரியையும் விடுகிறவரில்லை. தப்பாக வந்தால் திரும்பச் செய்யச் சொல்கிறார். நடனம் மனிதனைத் திருத்தும் என்று படம் பிரசங்கம் செய்யவில்லை. திரும்பத் திரும்பச் செய்வதைக் காட்டுகிறது, போதும். மலேசியாவிலும் ஆவணப்படங்களுக்குத் தளம் இல்லாமலில்லை. 2003இல் கோமாஸ் அமைப்பு தொடங்கிய ஃப்ரீடம் பிலிம் ஃபெஸ்ட் உள்ளூர் ஆவணப்படங்களுக்கு மேடை தந்துவருகிறது. அதில் அரசியலும் உரிமையும் முன்னால் நிற்கும். கலைஞரின் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் படங்களுக்கும் அங்கே இடம் கேட்டு வாங்க வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எடுக்கப்பட வேண்டிய படங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸில் 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் தலைமுறை தலைமுறையாக மாணவர்களை ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் அனுப்பியிருக்கிறது. காஜாங்கில் பிறந்த ரம்லி இப்ராஹிம், அடையாறு கே. லக்ஷ்மணனிடம் பரதமும் தேப பிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்று 1983இல் சூத்ரா நடன அமைப்பை நிறுவினார்; 2018இல் இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. பெயர் பெற்ற இவர்களைத் தேடித் தொலைக்காட்சி எப்படியும் வந்துவிடும். பெயர் வராத கோயில் மேளக்காரர், தோட்டத்து நாடகத்தில் அரிதாரம் பூசிய தாத்தா, உறுமி கட்டும் கை, தேர்ச் சிற்பம் செதுக்கும் ஆசாரி ஆகியோரைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

வீட்டு அலமாரிகளில் வேறொரு புதையல் கிடக்கிறது. 1980களிலும் 90களிலும் அரங்கேற்றங்களையும் கோயில் கச்சேரிகளையும் கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் வீஎச்எஸ் கேசட்டில் எடுத்துக் கொடுத்தார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அந்த நாடாக்களில் பூஞ்சை பிடிக்கிறது. ஓடவைக்கும் பிளேயர்களும் அருகிவிட்டன. இருக்கும் கேசட்டுகளை இப்போதே டிஜிட்டலுக்கு மாற்றினால்தான் உண்டு.

இனி வேண்டியது பெரிய நிதியோ பெரிய கேமராவோ அல்ல. கையிலிருக்கும் போனை முக்காலியில் நிறுத்துங்கள். பேட்டியை விட ஒத்திகைக்கு அதிக நேரம் கொடுங்கள். முழு உடம்பும் தெரியும்படி எடுங்கள், நடுவில் வெட்டாதீர்கள். தொடக்கத்தில் பெயர், ஊர், குரு, தேதி நான்கையும் கலைஞர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிலோ தேசிய ஆவணக் காப்பகத்திலோ கேட்டுச் சேர்த்துவிடுங்கள். உங்கள் பகுதிக் கோயிலில் வாசிக்கும் வயதான மேளக்காரரிடம் இந்த வெள்ளிக்கிழமையே பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள்.